ஆறாம் வகுப்பும் ஒரு செங்கலும்

பெரியவள் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனாள். ஐந்தாவது வரை எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர். இப்போது பீரியடுக்கு ஒருவர். முதல் வாரம் அதுவே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கணக்கு நோட்டில் அறிவியலை எழுதிவிடக் கூடாது என்று ஒவ்வொரு நோட்டுக்கும் ஒவ்வொரு நிறத்தில் அட்டை போட்டுக் கொண்டாள்.

நான் வீட்டில் தையல் மெஷின் வைத்து பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். சாயங்காலம் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். அதனால் முதல் பருவப் பாடம் பாதி எனக்கும் மனப்பாடம். அறிவியலில் முதல் பாடம் அளவீடுகள். கணக்கில் விகிதம், விகித சமம். சமூக அறிவியலில் சிந்துவெளி நாகரிகம். மூன்றும் அவளுக்கு மூன்று நிற அட்டைக்குள்தான் இருந்தன.

சிந்துவெளிச் செங்கலில் கனம் ஒரு பங்கு என்றால் அகலம் இரண்டு பங்கு, நீளம் நான்கு பங்கு. ஹரப்பா, மொகஞ்சதாரோ, அங்கிருந்து வெகு தூரத்தில் குஜராத்தில் இருக்கும் லோத்தல், எங்கே தோண்டினாலும் பெரும்பாலும் இதே கணக்குதான். படித்துக் கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, "அம்மா, இது கணக்குப் பாடம்" என்றாள். தப்பான புத்தகத்தைத் திறந்துவிட்டோமோ என்கிற மாதிரி ஒரு குரல். நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். ஸ்கேலை எடுத்துக் கொண்டு இரண்டு பேரும் போனோம். மேஸ்திரி வயதானவர். "என்ன பாப்பா, அளக்கப் போறியா?" என்று ஒரு நல்ல செங்கலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். நீளம் 22 சென்டிமீட்டர், அகலம் பத்தரை, கனம் ஏழு. நான் மேலிருந்து சாய்வாகப் பார்த்து அகலம் பதினொன்று என்றேன். "நேரா பார்க்கணும்மா, இல்லன்னா இடமாறு தோற்றப் பிழை வரும்" என்றாள். இத்தனை வருஷமாக டேப் பிடிக்கிற எனக்கு அந்தத் தவறு தெரியும், அதற்கு இப்படி ஒரு பெயர் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏழால் வகுத்துப் பார்த்தாள். ஒன்று, ஒன்றரை, மூன்றுக்குக் கொஞ்சம் மேல். 1:2:4 வரவில்லை என்று முகம் வாடிவிட்டது. "அரை இருந்தா இரண்டால பெருக்கு" என்றேன். கிட்டத்தட்ட 2:3:6. கடைசி இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டே இருந்தாள். அப்புறம், "அகலத்தைப் போல நீளம் ரெண்டு மடங்கு. அது மட்டும் அப்படியே இருக்கு!"

அதற்கு மேஸ்திரி சொன்ன விளக்கம்தான் எனக்கு அன்றைய பாடம். ஒரு கல்லை நீளவாக்கில் வைத்து, அதன் மேல் இரண்டு கல்லைக் குறுக்கே வைத்துக் காட்டினார். நடுவில் கலவைக்கு இடம் விட்டால் இரண்டு அகலம் சேர்ந்து ஒரு நீளம். அப்படி இருந்தால்தான் ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை குறுக்கு என்று மாற்றிக் கட்ட முடியும், இணைப்புக்கு மேல் இணைப்பு வராது, சுவர் விரியாது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் லோத்தலில் கட்டியவரும் இதே காரணத்துக்குத்தான் அப்படிச் செங்கல் அறுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. "கலவை எவ்வளவு தாத்தா?" என்று கேட்டாள். "ஒண்ணுக்கு ஆறு" என்றார். சிமெண்ட் ஒன்று, மணல் ஆறு. அதையும் விகிதமாக நோட்டில் எழுதிக் கொண்டாள், சமூக அறிவியல் நோட்டில்.

லோத்தலில் தந்தத்தில் செய்த அளவுகோல் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் கோட்டுக்குக் கோடு இடைவெளி சுமார் 1.7 மில்லிமீட்டர். அது எவ்வளவு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. என் டேப்பை விரித்தேன். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதில் பாதி, அரை நூல், 1.6 வருகிறது. பிளவுஸ் தோளில் அரை நூல் கூடினால்கூட என் கைக்குத் தெரியும். அந்தக் காலத்திலும் யாரோ அந்த அளவுக்குக் கண் வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். அதை நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாடங்களைத் தனித்தனியாகப் பிரித்தது படிக்க வசதிக்குத்தான் என்று அவளிடம் சொன்னேன். இப்போது அவளே தேட ஆரம்பித்திருக்கிறாள். தமிழில் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துப் பாடல் இருக்கிறது. திங்களைப் போற்றுதும், ஞாயிறு போற்றுதும், மாமழை போற்றுதும். புத்தகத்தில் மழையோடு முடிகிறது. மூலத்தில் அடுத்து வருவது "பூம்புகார் போற்றுதும்". வரலாற்றில் பண்டைய நகரங்கள் என்ற பாடத்தில் அதே பூம்புகார். நூலகத்தில் முழுப் பாட்டையும் எடுத்துக் காட்டினேன். பூம்புகாரைப் போற்றும் மூன்று அடியையும் தமிழ் நோட்டில் ஒரு தடவை, வரலாற்று நோட்டில் ஒரு தடவை எழுதினாள்.

இந்த வாரம் அறிவியலில் வரைபடத்தாளில் இலையின் பரப்பளவு. வாசலில் இருக்கும் பூவரச இலையை வைத்து விளிம்பு வரைந்தாயிற்று. முழுக் கட்டம் எண்ணி முடித்துவிட்டாள், பாதிக் கட்டங்களை எண்ணிக் கொண்டிருக்கிறாள்.