27 பாகைச் சாய்வு

கறுப்பு மைப்புட்டியும் தொட்டெழுதும் பேனாவுமாக ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தருக்குள் நுழைந்தபோது, அங்குள்ள கட்டட வடிவங்களைச் சுருக்கி அரூபக் கோட்டோவியங்களாக்க வேண்டும் என்பதே என் திட்டமாக இருந்தது. அரை மணி நேரத்தில் அத்திட்டம் பொருளற்றுப் போயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் எழுப்பிய இந்த வானியல் கருவிகளில் சுருக்குவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

சம்ராட் யந்திரம் ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் முக்கோணச் சுவரின் மேல்விளிம்பு 27 பாகை சாய்ந்திருப்பது ஊரின் அட்சரேகையை ஒட்டியே. அவ்வளவு சாய்ந்தால்தான் அது பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். அந்தச் சாய்வை ஒரே இழுப்பில் வரைந்தேன். உச்சியிலுள்ள சிறு மண்டபத்தை மட்டும் விட்டுவிட்டேன், ஜெய்சிங் மன்னிப்பாராக.

நிழல்தான் பிடிபடவில்லை. வளைந்த அளவுகோலின் மீது அது நிமிடத்துக்கு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நகர்வதால், ஓர் ஓரத்தை வரைந்துவிட்டு நிமிர்வதற்குள் மறு ஓரம் இடம் மாறியிருந்தது. சூரியன் புள்ளியாக அன்றி வட்டமாக இருப்பதால் நிழலின் விளிம்பும் கூர்மையாக விழுவதில்லை. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் கையால் செய்த தாளில் மை பிசிறடிக்கிறதே என்று காலையிலிருந்து சலித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிசிறை விடப் பொருத்தமான விளிம்பு இந்த நிழலுக்கு வாய்த்திருக்காது.

நெடுநேரம் இருந்தது ஜெய்பிரகாஷ் யந்திரத்தருகே. தரைக்குள் இறங்கும் இரு அரைக்கோளக் கிண்ணங்கள். ஒன்றில் பளிங்குப் பட்டை உள்ள இடத்தில் மற்றதில் வெற்றிடம். அந்த வெற்றிடங்களுக்குள் இறங்கி நின்றுதான் அக்காலக் கணியர்கள் அளவு பார்த்தார்கள். மேலே கட்டிய கம்பிகளின் நடுவிலுள்ள தகட்டின் நிழல், ஒரு கிண்ணத்தில் பட்டையை விட்டு விலகும்போது மற்றதில் பட்டையின் மேல் ஏறும். மைக்கும் தாளுக்கும் இதைவிடத் தோதான வடிவத்தை நான் கண்டதில்லை. குறிப்பேட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு கிண்ணங்களையும் வரைந்து, வெற்றிடங்களை மட்டும் அடர்கறுப்பாக நிரப்பினேன்.

மூடும் நேரம் என்று காவலர் அவசரப்படுத்தவே, ஈரம் காயும் முன் ஏட்டை மூடிவிட்டேன். அறைக்கு வந்து பிரித்தால், ஒன்றின் கறுப்பு மற்றதன் பட்டைகளில் அப்பியிருந்தது. மறுநாள் திரும்பவும் வரையப் போனேன். வானம் மூடியிருந்தது, இரு கிண்ணங்களிலும் நிழல் இல்லை.