மாமா நடந்த தடம்

எங்க மாமாவ ஊரே குடிகாரர்னு சொல்லிச்சு. 40 வயசு தாண்டுனதுல இருந்து கால அகட்டி அகட்டி வச்சு தள்ளாடித்தான் நடப்பாவ, பேச்சும் கொளறும், டீக்கடைல கிளாஸ வாங்குனா பாதி சட்டையில சிந்திரும், ஆனா அவ்வோ ஒரு சொட்டு தொட்டதில்ல. குறுக்குத்துறைக்கு குளிக்க போவும்போது ஈர மணல்ல அவ்வோ தடத்த பாத்துக்கிட்டே பின்னால போவேன், ஒண்ணு ஆத்த பாத்து இருக்கும், அடுத்தது கோயில பாத்து திரும்பிருக்கும்.

கடைசில ஜீன் டெஸ்ட் எடுத்தப்பதான் எஸ்சிஏ1னு தெரிஞ்சுது. நடை தடுமாறாம பாத்துக்கிற சிறுமூளைல இருக்க புர்கிஞ்சிங்கற நரம்பு செல்லுங்க கெட்டுப்போற பரம்பரை நோய், அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்கு பாதி வாய்ப்பு. அதுக்கு காரணமான ஜீன 1993ல கண்டுபிடிச்சாவ, 1995ல அதே கோளாற எலிக்குள்ள வச்சாவ.

அந்த மாதிரி எலிய நானே பிறவு ஒரு லேப்ல கையில பிடிச்சேன். முன்னங்கால்ல ஒரு கலர், பின்னங்கால்ல வேற கலர் தடவி, வெள்ள பேப்பர் விரிச்ச குறுகலான பாதைல விடணும். நல்ல எலின்னா முன்கால் பட்ட எடத்துலயே பின்கால் வந்து உக்காரும், ரெண்டு கலரும் ஒண்ணுமேல ஒண்ணு விழும். இது நடந்த பேப்பர்ல ரெண்டும் ஒட்டவேயில்ல, பின்கால் தடம் அகண்டு, ஒரு எடத்துல வயித்த இழுத்த கோடு வேற. அந்த பேப்பர கீழ வைக்க எனக்கு மனசே வரல, குறுக்குத்துறை மணல்தான் அது.

சுத்துற உருளை மேல நிக்க விட்டா இந்த எலிங்க சீக்கிரமே விழுந்துரும், இத்தனைக்கும் அந்த வயசுல செல் ஒண்ணும் செத்திருக்காது, சாவுறதுக்கு முன்னாலயே வேலை கெட்டுருது. அதான் எனக்கு பெரிய விஷயமா படுது, ஏன்னா சாவலன்னா காப்பாத்தலாம்லா. 2004ல மருந்து குடுத்து அந்த ஜீன நிறுத்துனப்ப எலிங்க நடை தேறிச்சு. மனுசனுக்கு இன்னும் அப்படி மருந்து வரல.

போன கோயில் கொடைக்கு ஊருக்கு போனப்ப அத்தைட்ட அந்த தடத்த போன்ல காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாவ. "எலி குடிக்குமாய்யா?"ன்னாவ. இல்லத்தைன்னேன். "அத அந்த டீக்கடைக்காரன்ட்ட போய் காட்டிட்டு வா"ன்னாவ. போய் காட்டிட்டுதான் வந்தேன்.