அட்டவணையின் நடு நிரல்

தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் எனக்குப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. எண் அமைப்புகளைப் பற்றிய வாக்கியக் கணக்குகளை அட்டவணை போட்டுத் தீர்ப்பது எளிய பாடம் என்றே முதலில் நினைத்திருந்தேன். கணக்கை வாசித்து, இரண்டு நிரல்கள் வரைந்து, தெரிந்த எண்களை நிரப்பி, அமைப்பைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து எழுதினால் விடை வந்துவிடும் அல்லவா? ஒரு மாணவனின் விடைத்தாள்தான் அந்த நினைப்பை மாற்றியது.

தீக்குச்சிகளைக் கொண்டு சதுரங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரிசையாக அமைக்கும் கணக்கு அது. ஒரு சதுரத்துக்கு 4 குச்சிகள், இரண்டு சதுரங்களுக்கு 7, மூன்றுக்கு 10 என்றால் பத்துச் சதுரங்களுக்கு எத்தனை குச்சிகள் வேண்டும் என்பது கேள்வி. அட்டவணையை நானே வரைந்து, இட நிரலில் 1, 2, 3, 4, 10 என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த மாணவன் 4க்கு எதிரே 13 என்று சரியாக எழுதிவிட்டு, 10க்கு எதிரே 16 என்று எழுதியிருந்தான். மும்மூன்றாகக் கூடுகிறது என்பதை அவன் பிழையில்லாமல் கண்டுபிடித்திருந்தான். ஆனால் வல நிரலில் மேலிருந்து கீழே இறங்கிய அவன் கண்கள் இட நிரலின் பக்கம் திரும்பவே இல்லை. நான்கிலிருந்து பத்துக்குத் தாவியது நான். அந்தத் தாவலைக் காட்ட ஒரு கோடுகூட அட்டவணையில் இல்லை. அன்றிலிருந்து அட்டவணையை நான் வரைந்து கொடுப்பதில்லை. நிரலின் தலைப்பையும் பிள்ளைகளே எழுத வேண்டும். ‘எண்’ என்றோ ‘விடை’ என்றோ மொட்டையாக எழுதாமல், ‘சதுரங்களின் எண்ணிக்கை’, ‘வேண்டிய குச்சிகள்’ என்று எழுத வேண்டும். இடையில் நிரைகளை விட்டுத் தாண்டினால், தாண்டிய இடத்தில் ஒரு வளைகோடு போட வேண்டும்.

அதே கணக்கில் இன்னொரு பிழை உண்டு. அதை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் அதற்குப் பின்னால் நல்ல சிந்தனை இருக்கிறது. ஐந்து சதுரங்களுக்கு 16 என்றால் பத்துச் சதுரங்களுக்கு அதன் இரு மடங்கு, அதாவது 32 என்று ஒரு மாணவி சொன்னாள். இரு மடங்காக்குவது குறுக்குவழியாகப் பல கணக்குகளில் செல்லுபடியாகும் என்பதால் வகுப்பே தலையசைத்தது. தவறு என்று சொல்லாமல், ஐந்து சதுரங்கள் கொண்ட இரண்டு வரிசைகளைக் குச்சிகளால் மேசைமீது அமைக்கச் சொன்னேன். அமைத்தாள். பிறகு இரண்டையும் நெருக்கி ஒட்டினாள். ஒட்டிய இடத்தில் இரண்டு குச்சிகள் ஒன்றையொன்று தொட்டபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “டீச்சர், இது வேண்டாம், ஏற்கெனவே ஒன்று இருக்கிறது” என்றாள். 32 அங்கேயே 31 ஆனது.

இந்த இரண்டு பிழைகளும் சேர்ந்துதான் மூன்றாவது நிரலை எனக்குக் கற்றுக்கொடுத்தன. சதுரங்களின் எண்ணிக்கைக்கும் குச்சிகளின் எண்ணிக்கைக்கும் நடுவே ‘எப்படி வந்தது’ என்று ஒரு நிரல் போடச் சொல்கிறேன். அதில் எதையும் கூட்டி முடிக்கக் கூடாது என்பதே விதி. முதல் நிரையில் 1 + 3, இரண்டாவதில் 1 + 3 + 3, மூன்றாவதில் 1 + 3 + 3 + 3 என்று அப்படியே விட்டுவிட வேண்டும். 4, 7, 10 என்று கூட்டி எழுதிய எண்களில் மறைந்துவிடும் செய்தி, கூட்டாமல் விட்ட வரிகளில் வெளிப்படையாக நிற்கிறது: தொடக்கத்தில் ஒரு குச்சி, பிறகு சதுரத்துக்கு மூன்று. மேலிருந்து கீழே மட்டும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இடமிருந்து வலமாகப் படிக்கத் தொடங்குவது இந்த நிரலால்தான். பத்துச் சதுரங்களுக்கு ஒன்றும் பத்து மூன்றுகளும், நூறு சதுரங்களுக்கு ஒன்றும் நூறு மூன்றுகளும், அதாவது 301. பின்னாளில் இயற்கணிதத்தில் 3n + 1 என்று அவர்கள் எழுதப்போவதும் இதைத்தான்.

செடி வளரும் கணக்குகளில் சிக்கல் வேறு விதமானது. நடும்போது 5 செ.மீ. உயரம், வாரத்துக்கு 2 செ.மீ. வளர்ச்சி, ஆறு வாரங்களுக்குப் பின் உயரம் என்ன என்று கேட்டால், 1க்கு எதிரே 5 என்று தொடங்கி 15இல் முடிப்பவர்களே அதிகம். நிரல் 0இல் தொடங்கினால் 17 தானாக வருகிறது. ‘நட்ட அன்று’ என்று சொல்லால் ஒரு நிரை எழுதினாலும் போதும்.

எண்களை மட்டும் பார்த்து அமைப்பை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு ஆசிரியர்களாகிய நாமும் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வட்டத்தின்மேல் புள்ளிகள் குறித்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணைத்து, எந்த மூன்று கோடுகளும் உள்ளே ஒரே இடத்தில் வெட்டாதபடி பார்த்துக்கொண்டால், வட்டம் பிரியும் பகுதிகள் புள்ளிகளின் எண்ணிக்கைக்கேற்ப 1, 2, 4, 8, 16 என்று செல்கின்றன. ஆறாவது புள்ளிக்கு 32 என்று யாருமே எதிர்பார்ப்பார்கள், வருவதோ 31. ஆகவே ‘மும்மூன்றாகக் கூடுகிறது’ என்று ஒரு பிள்ளை சொன்னால், ஏன் மூன்று என்று கேட்காமல் நான் விடுவதில்லை. சதுரத்தின் ஒரு பக்கம் முந்தைய சதுரத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்ற பதில் அட்டவணையிலிருந்து வராது, குச்சிகளிலிருந்துதான் வரும்.

16 என்று எழுதிய மாணவனிடம் சில வாரங்கள் கழித்துக் கணக்கைத் திருப்பிப் போட்டேன்: 61 குச்சிகளால் எத்தனை சதுரங்கள் அமைக்கலாம்? அவன் ஒரு குச்சியைத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதி 60ஐ மூன்றால் வகுத்து 20 என்றான். 60 குச்சிகள் மட்டுமே இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மறுபடியும் முதலில் ஒரு குச்சியை ஒதுக்கினான். 19 சதுரங்கள், இரண்டு குச்சிகள் மிச்சம் என்று எழுதினான்.