மெக்சிகோவின் ஒன்பது மணி

2023 ஏப்ரல் முதல் வாரம். மெக்சிகோவில் பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு பல் மருத்துவமனையின் முன்பதிவு மென்பொருளை நாங்கள் சென்னையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தோம். காலை ஒன்பதுக்கு அப்பாயின்ட்மென்ட் என்றால், 'இன்னும் ஒரு மணி நேரம்' என்று எட்டு மணிக்கு எஸ்எம்எஸ் போகும். அது ஏழு மணிக்கே போய்விட்டது. நம்பி வந்தவர்கள் பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறார்கள்.

திரையில் ஒன்பது என்றுதான் இருந்தது. சர்வரின் கடிகாரமும் சரி. என் லேப்டாப்பில் ஓட்டினால் சரியாக எட்டு மணிக்குப் போகிறது. எஸ்எம்எஸ் நிறுவனத்தைக் குறைசொல்லி ஒரு மின்னஞ்சல்கூட எழுதிவிட்டேன், நல்லவேளை, அனுப்பவில்லை.

டேட்டாபேஸைத் திறந்தபோதுதான் பிடிபட்டது. நேரங்களை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், சேமித்து வந்தோம். மெக்சிகோ நகரத்தின் ஒன்பது மணிக்கு 15:00 இருக்க வேண்டிய இடத்தில் 14:00 இருந்தது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைக்கால நேரம் தொடங்கிவிட்டதாக எங்கள் நிரல் நினைத்துக்கொண்டிருந்தது. மெக்சிகோவோ அந்த வழக்கத்தையே 2022 அக்டோபரில் சட்டம் போட்டு ஒழித்துவிட்டது. சேமிக்கும்போது ஒரு மணி நேரம் குறைகிறது, திரைக்கு வரும்போது அதே ஒரு மணி நேரம் கூடுகிறது. ஒரு தவறை இன்னொரு தவறு மறைத்துவிட, எஸ்எம்எஸ் மட்டும் மாட்டிக்கொண்டது.

காரணம், பைதான் நிரல்மொழியில் நேர மண்டலங்களைக் கணக்கிட நாங்கள் பயன்படுத்திய பைடிஇசட் (pytz) என்ற ஆயத்த லைப்ரரி. அது சர்வரில் இருக்கும் நேர மண்டல விவரத்தைப் பார்ப்பதில்லை. தன்னோடு ஓர் அட்டவணையைச் சுமந்து வருகிறது. நாங்கள் அதைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி 2021.3 பதிப்பிலேயே பூட்டி வைத்திருந்தோம். மெக்சிகோ மாற்றம் வந்தது 2022.6இல். என் லேப்டாப்பில் இருந்தது அதற்கும் புதியது. பதிப்பைப் பூட்டியது தப்பில்லை, இன்றும் பூட்டத்தான் செய்வேன். ஆனால் நிரலில் ஒரு பிழையும் இல்லாமலே ஒரு லைப்ரரி கெட்டுப்போகும் என்பது, வருடம் முழுக்க ஒரே நேரத்தில் வாழும் எங்களுக்கு உறைக்கவில்லை.

பதிப்பை மாற்ற ஒரு வரி போதும். அப்புறம்தான் இருந்தது வேலை. புது அட்டவணை வந்தவுடன் ஏற்கெனவே பதிவான ஒன்பது மணிகள் எல்லாம் திரையில் எட்டாகிவிடும். மொத்தமாக ஒரு மணி நேரம் கூட்டவும் முடியாது. டிஹுவானா எல்லை ஊர், அங்கே அமெரிக்காவைப் போலக் கோடைக்கால நேரம் இன்னும் உண்டு. கான்கூன் இருக்கும் மாநிலம் 2015லேயே தனி நேரத்துக்குப் போய்விட்டது. இரண்டையும் தொடக் கூடாது. ஆறு மாதம் கழித்து வரச்சொன்ன செக்கப்புகளிலும், பழைய விதிப்படி கோடைக்காலம் முடியும் அக்டோபர் 29க்கு முந்தியவை தவறு, பிந்தியவை சரி.

இவற்றைத் திருத்தும் ஸ்கிரிப்டை ஓட்டியபோது மெக்சிகோ நகரில் இரவு பதினொன்று, எங்களுக்குக் காலை பத்தரை. மறுநாள் அவர்களுடைய முதல் எஸ்எம்எஸ் எட்டு மணிக்குப் போனதைப் பார்த்துவிட்டு, இங்கே இரவு ஏழரைக்குத்தான் கிளம்பினோம்.