பக்கம் 121 முதல் 123 வரை

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுதும் தத்துவக் கட்டுரை, அச்சேறும் முன் பல சமயம் சென்னையில்தான் ஒரு கணினியில் திறக்கப்படுகிறது. தரமணி, பெருங்குடி, கிண்டி பக்கமெல்லாம் காப்பி எடிட்டிங்கும் பக்க வடிவமைப்பும் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில்தான் எனக்கு வேலை. இப்போது என் கையில் இருப்பவை அறிவாய்வியல் ஜர்னல்கள். ஒன்று நமக்குத் ‘தெரியும்’ என்று எப்போது சொல்லலாம், எதை நம்பிச் சொல்லலாம் என்பதுதான் அந்தத் துறையின் முழுநேரக் கவலை. எங்கள் கவலை டெட்லைன்.

எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ரெஃபரன்ஸ் பட்டியலில் எட்மண்ட் கெட்டியர் என்ற தத்துவவாதியின் மூன்று பக்கக் கட்டுரை இருக்க வாய்ப்பு அதிகம். 1963, ‘அனாலிசிஸ்’ இதழ், தொகுதி 23, பக்கம் 121 முதல் 123 வரை. ஆசிரியர் பக்க எண்ணை விட்டிருந்தாலும் தேட வேண்டியதில்லை. விரல் தானாக அடித்துவிடும். அதில் வரும் கதை ஒன்று: வேலைக்கு மனுப் போட்ட ஸ்மித், அந்த வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று நம்பத்தகுந்தவரிடம் கேட்டுக்கொள்கிறான். ஜோன்ஸின் பையில் பத்துக் காசு இருப்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறான். ஆகவே, ‘வேலை கிடைக்கப்போகிறவன் பையில் பத்துக் காசு இருக்கிறது’ என்று முடிவுகட்டுகிறான். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. அவன் பையிலும் பத்துக் காசு இருந்திருக்கிறது, அவனுக்கே தெரியாமல். நம்பினான், நம்பியதற்குக் காரணம் இருந்தது, நம்பியது உண்மையாகவும் ஆனது. ஆனாலும் அவனுக்கு அது தெரிந்திருந்தது என்று சொல்ல நாக்கு கூசுகிறது. கெட்டியர் 2021-இல் காலமானார். அந்த மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதுவது இன்னும் ஓயவில்லை.

2001-இல் வைன்பெர்க், நிக்கல்ஸ், ஸ்டிச் என்ற மூன்று தத்துவவாதிகள் இந்த மாதிரிக் கதையை அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். ஜில் பல வருடமாக ப்யூக் கார் ஓட்டுகிறாள். ஆகவே அவள் வைத்திருப்பது அமெரிக்கக் கார் என்று நண்பன் பாப் நினைக்கிறான். அந்தக் கார் திருடுபோய், அவள் பான்டியாக் வாங்கிவிட்டது அவனுக்குத் தெரியாது. அதுவும் அமெரிக்கக் கார்தான். பாப்புக்குத் தெரியுமா, வெறும் நம்பிக்கையா? இந்தியத் துணைக்கண்டத்து வம்சாவளி மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ‘தெரியும்’ என்றார்களாம்.

டீ நேரத்தில் இதை எங்கள் டீமில் அவிழ்த்துவிட்டேன். “அமெரிக்கக் கார்னு நெனச்சான், அமெரிக்கக் கார்தான் ஓட்டுது அந்தப் பொண்ணு. அப்புறம் என்னக்கா தெரியலன்றீங்க?” என்றான் எக்ஸ்எம்எல் பார்க்கும் தம்பி. பக்கத்து ஸீட் பெண் விடவில்லை. “காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைடா இது. வண்டி காணாமப்போனதே அவனுக்குத் தெரியாதே!” ஒரே மேஜை, ஒரே கேன்டீன் டீ, இரண்டு கட்சி. ஆகவே, இந்தியர்கள் மேற்கத்தியரிலிருந்து வேறு மாதிரி யோசிக்கிறார்கள் என்ற அந்த 2001 ஆய்வின் முடிவு பிறகு மறுபரிசோதனைகளில் நிற்கவில்லை என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. 2017-இல் வந்த ஓர் ஆய்வு பிரேசில், இந்தியா, ஜப்பான், அமெரிக்கா நான்கிலும் கேட்டுப் பார்த்தது. இப்படிப்பட்ட கதைகளில் ‘தெரியாது’ என்ற பக்கமே எங்கும் ஓங்கியிருந்தது. தம்பி சிறுபான்மை.

நான் சொல்ல வந்தது வேறு. 1976-இல் ஆல்வின் கோல்ட்மன் எழுதிய கட்டுரையில் ஹென்றி என்பவன் மகனோடு காரில் போகிறான். வழியில் ஒரு தானியக் கொட்டகையைக் காட்டி ‘அதோ கொட்டகை’ என்கிறான். அது நிஜக் கொட்டகைதான். ஆனால் அந்த வட்டாரம் முழுக்கக் காகிதக்கூழில் செய்த பொய் முகப்புகள். சாலையிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவனுக்குத் ‘தெரியும்’ என்று சொல்லலாமா? இதை அலசும் கட்டுரைகளை எடிட் செய்யும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். எந்த வேலையற்றவன் வயலுக்கு நடுவே போய்ப் பொய்க் கொட்டகை கட்டுவான்?

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. கொட்டகைகள் கட்டப்பட்டுவிட்டன.

இப்போது வரும் சில ரெஃபரன்ஸ் பட்டியல்களில் அது இட்டுக்கட்டிய ஒரு வரி இப்படி இருக்கும்: ஆசிரியர் நிஜமானவர், ஜர்னல் நிஜமானது, ஆண்டும் தொகுதி எண்ணும் பொருந்துகின்றன, தலைப்பு கட்டுரையின் வாதத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது. டிஓஐ-யை, அதாவது கட்டுரைக்கென்று உள்ள நிரந்தர இணைய அடையாள எண்ணை, சொடுக்கினால் மண் வேதியியல் பற்றி ஏதோ திறக்கும், இல்லையென்றால் எதுவுமே திறக்காது. அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்துக்கே போனால் வேறு யாருடைய கட்டுரையோ பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். முன்பு ஒரு வரி சரியாகத் தோன்றினால் அநேகமாகச் சரியாகவே இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் தொழிலே நடந்தது. இன்று பட்டியலில் ஒன்று அப்படி அகப்பட்டால், நிஜமான மற்ற வரிகளும் சந்தேக லிஸ்டுக்குப் போகின்றன. ஹென்றியின் கஷ்டம் இதுதான் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

இதில் கொடுமை, பொய் பளபளப்பாக இருக்கிறது, நிஜம்தான் மாட்டிக்கொள்கிறது. குப்புசாமி சாஸ்திரி 1932-இல் சென்னையில் வெளியிட்ட இந்தியத் தர்க்க அறிமுக நூலை யாராவது மேற்கோள் காட்டினால், பழைய பதிப்புக்கு டிஓஐ ஏது? மென்பொருள் சிவப்புக் கோடு போட்டுவிடும். மயிலாப்பூரில் அவர் பெயரிலேயே ஆய்வு நிறுவனம் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

பிறர் வாய்ச்சொல்லால் வரும் அறிவைப் பற்றி மேற்கே அண்மைக்காலமாக நிறைய எழுதுகிறார்கள். சி. ஏ. ஜே. கோடி என்ற தத்துவவாதி 1992-இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு அது தனிக் கிளையாகவே வளர்ந்துவிட்டது. மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி காண்டல், கருதல் என்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, அடுக்கும்போதே ஆகமத்துக்கும், அதாவது நம்பத்தகுந்த சொல்லுக்கும், ஓர் இடம் கொடுத்துவிடுகிறான். ‘நாங்கள்தான் முதலில்’ என்று மார்தட்டுவதற்காகச் சொல்லவில்லை. யார் சொல் அளவையாகும், யார் சொல் ஆகாது என்ற சண்டையும் கூடவே வந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன், வாய்ச்சொல்லை எப்போது நம்பலாம் என்பதைப் பற்றியே ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரு ரெஃபரன்ஸ் எங்கு தேடியும் அகப்படவில்லை. வழக்கமான பணிவோடு ஆசிரியருக்குக் கேள்வி அனுப்பினேன்: இந்த நூல்விவரத்தைச் சரிபார்க்க முடியவில்லை, உறுதிசெய்யவும். மறுநாளே ப்ரூஃபில் பதில் இருந்தது, ஒரே வரி: ‘நீக்கிவிடவும்.’ நீக்கினேன். அந்த ரெஃபரன்ஸைச் சாட்சியாக வைத்து எழுதிய வாக்கியம் மட்டும் அப்படியே நின்றது, இப்போது சாட்சியே இல்லாமல். அதைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை. எடிட்டருக்கு ஒரு குறிப்பு எழுதிவிட்டு ஃபைலை அடுத்த கட்டத்துக்குத் தள்ளினேன். கட்டுரை வெளிவந்தபோது அந்த வாக்கியமும் அதில் இருந்தது.