உவரியில் மண் சுமந்த கதை

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை ஊரான உவரியில் சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ந்துகொண்டால், கடலில் இறங்கி ஓலைப்பெட்டியில் மண் அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்ட வேண்டும். மாமாவுக்கு நெஞ்சுவலி குணமானதற்கு அத்தை போட்ட நேர்ச்சை, சுமந்தது நான். பெட்டி இடுக்கு வழியே உப்புத் தண்ணீர் வழிந்து கண்ணெல்லாம் எரிச்சல். அத்தை விடவில்லை. "அரைப்பெட்டி கணக்குல வராது, நெறச்சு அள்ளுலே!"

பால்காரரின் காலைத் தினமும் இடறிவிட்ட கடம்ப மர வேரை வெட்டினார்களாம், ரத்தம் பீறிட்டதாம். சந்தனம் அரைத்துப் பூசியதும் நின்றதாம். அந்த இடத்தில்தான் சுவாமி இருக்கிறார். குளித்து, தரிசனம் முடித்து, நெற்றியில் திருநீறு காயுமுன்னே அந்தோணியார் கோயிலுக்கு நடந்தோம். அன்று செவ்வாய்க்கிழமை, அவருக்கு உகந்த நாள், நல்ல கூட்டம். காலரா கண்ட போர்த்துகீசியக் கப்பலில் தச்சர் ஒருவர் செதுக்கிய சுரூபம் என்பது ஊர் வழக்கு. தொலைந்ததை மீட்டுத் தருபவர் அவர். அத்தைக்குச் சங்கிலி கிடைத்திருந்தது, மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அப்புறம் ஆத்தங்கரைப் பள்ளிவாசல். திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலை ஒட்டி இறங்கி வரும் நம்பியாறு கடலில் சேருகிற இடம். சையது அலி பாத்திமா, ஷேக் முகம்மது அடக்கத்தலம். வந்திருந்தவர்களில் பொட்டு வைத்த பெண்களே அதிகம் என்று எனக்குப் பட்டது. ராத்திரியானால் அலறிக்கொண்டிருந்த அத்தையின் பேரன் இப்போதெல்லாம் தூங்குகிறான். அதற்குச் சர்க்கரை வைத்து பாத்திஹா ஓதினார்கள். அங்கே ஓதுகிற லெப்பை அவன் தலையில் மயிலிறகால் வருடினார்.

"ஏன் அத்த, எல்லாச் சாமியும் ஒண்ணுதான? உவரியிலேயே மொத்தமா முடிச்சிருக்கலாம்லா?"

"ஆர்ட்ட வாங்குனமோ அவுககிட்டதாம்லே கொடுக்கணும். மளிகைக்கடை பாக்கிய ஜவுளிக்கடையில கொடுத்தா ஒத்துக்கிடுவானா?"

மேடை போட்டுப் பேசும் நல்லிணக்கத்தைவிட இந்தக் கறார் எனக்குப் பிடித்திருக்கிறது. மூவரையும் ஒருவராக்கும் எண்ணமே அத்தைக்கு இல்லை. சுயம்புவுக்கு மெழுகுவர்த்தி எடுபடாது, பள்ளிவாசலில் மண் சுமக்க முடியாது. அவரவர் முறை அவரவருக்கு.

கிளம்பும்போது பள்ளிவாசல் திருவிழாவான கந்தூரி எப்போது என்று லெப்பையிடம் விசாரித்தாள். மகளுக்குக் கல்யாணம் தகைந்தால் கிடா கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டாள். காசு தரப்போவது மருமகன்தான் என்று என்னைக் கைகாட்டினாள்.