சீருடையும் மருந்துச்சீட்டும்

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 2013 நவம்பரில், அந்நாட்டின் தேசியக் காவல் படையான ஆர்.சி.எம்.பி.யைச் சேர்ந்த ஓர் அதிகாரி, தம் சிவப்புச் சீருடையுடன் கஞ்சா புகைப்பது தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பணிக்காலத்தில் நேர்ந்த மன அதிர்ச்சியின் பின்விளைவுகளுக்காக, நாளொன்றுக்கு 3 கிராம் வரை பயன்படுத்தலாம் என்று அவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது அவர் அலுவலகப் பணியில்தான் இருந்தார் என்றாலும், படை அவருடைய சீருடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்தச் செய்தியைப் படித்த நாளில் என் மனம் முழுக்க அவர் பக்கமே சாய்ந்திருந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை விழுங்கிவிட்டுப் பணிக்கு வருபவரிடம் யாரும் சீருடையைக் கேட்பதில்லையே என்று தோன்றியது. இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்னும் வேதிப்பொருள் கவனத்தையும் எதிர்வினையின் வேகத்தையும் மந்தப்படுத்தக்கூடியது. துப்பாக்கி ஏந்துபவருக்கும் வாகனத்தை விரட்டிச் செல்பவருக்கும் இன்றியமையாதவை அவை இரண்டுமே. தவிர, இது இந்த நோய்க்கு உண்மையிலேயே மருந்தாகிறதா என்பதும் முடிவாகவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 80 பேரிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஆய்வில், புகைக்கப்பட்ட கஞ்சா, ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்துச் சத்தில்லாத போலி மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானதாக நிறுவப்படவில்லை. (போலி மருந்து பெற்றவர்களும் கணிசமாகத் தேறியிருந்தார்கள் என்பது எனக்கு வியப்பளித்தது.)

சிக்கலின் முடிச்சு அளவிடுவதில் இருக்கிறது. மதுவை இரத்தத்தில் அளந்தால் போதையின் அளவை ஓரளவு ஊகித்துவிடலாம். டி.எச்.சி.யோ கொழுப்பில் தங்கிச் சிறிது சிறிதாகக் கசிவதால், நாள்தோறும் பயன்படுத்துபவரின் இரத்தத்தில், போதை முற்றிலும் தெளிந்த பிறகும் அது காணப்படலாம். கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சா பொதுவாகவே சட்டபூர்வமானபோது, ஆர்.சி.எம்.பி. களப்பணியாளர்களுக்குப் பணிக்கு முந்தைய 28 நாள் கஞ்சாத் தடை விதித்ததற்கு இந்த நிச்சயமின்மையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். அந்நாட்டின் வான்கூவர் நகரக் காவல்துறையோ, பணிக்கு வரும்போது தகுதியான நிலையில் இருந்தால் போதும் என்றது.

வாரத்தில் பல இரவுகள் கெட்ட கனவால் விழித்துக்கொள்ளும் ஒருவருக்கு 28 நாள் தடை என்பது, மருந்து அல்லது வேலை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்பதற்குச் சமம். அப்படிப்பட்ட நெருக்கடியில் பலர் மருந்தை மறைத்துப் பயன்படுத்தவே துணிவார்கள். அது வெளிப்படையாகப் பயன்படுத்துவதைவிட ஆபத்தானது. ஆகவே, மருந்தின் தாக்கம் இருக்கும் நேரத்தில் எவரும் ஆயுதம் ஏந்தலாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஊதியமும் பதவி நிலையும் குறையாத வேறொரு பணியை அவருக்கு ஒதுக்கித் தர வேண்டிய கடமை, அந்த அதிர்ச்சிக்கு அவரை அனுப்பிய படையினுடையது.